சிலுவைக்குக் கீழே ரெண்டு மயில்

பசறைப் பக்கம் ஒரு தோட்டம். பேர் சொல்லப்போவதில்லை. சொன்னால் கோயில் கமிட்டியில் இருக்கிற எங்கள் சொந்தக்காரங்க எல்லாரையும் ஊருக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிடும். மேல் டிவிசன் லயத்தைத் தாண்டி, பீலிக்கு மேலே ஏறினால் ஒரு சின்ன மாதா கோயில். தகரக் கூரை. நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர். மாதத்துக்கு ஒரு தரம் ஃபாதர் வந்து பூசை வைப்பார், மற்ற ஞாயிறுகளில் நாங்களே செபமாலை சொல்லிக்கொள்வோம். எங்களில் ரெண்டு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கேதான்.

அந்தக் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு சிலுவை இருக்கிறது. மரத்தில் செய்து மாட்டியது இல்லை, பெயின்ட் அடித்ததும் இல்லை. உடைந்த கோப்பை, பீங்கான் தட்டு, ஓட்டுத் துண்டு, பச்சைப் போத்தல் கண்ணாடி, எல்லாவற்றையும் சிமெந்தில் பதித்துச் செய்தது. ஓர் ஆள் உயரம் இருக்கும். நடுவில், நெஞ்சு வர வேண்டிய இடத்தில், ஒரு கோப்பையின் அடிப்பாகம் முழுசாக, வட்டமாக. சிலுவையில் இயேசு இல்லை. கீழே இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ரெண்டு பறவை, நீலப் பூப்போட்ட தட்டுத் துண்டுகளால் செய்தது. வால் தரை வரைக்கும் நீளம். சின்னப் பிள்ளையில் பூசை நேரம் பூரா நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வாலைத்தான். பிரசங்கம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

இந்த வருசம் கோயிலைத் திருத்தக் காசு வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் பாதி, தோட்டத்து ஆட்கள் சம்பளத்தில் வெட்டிக்கொடுத்தது பாதி. கூரை மாற்றுவார்கள், நல்ல விசயம். தரைக்கு டைல்ஸ், அதுவும் சரி. பீடத்துச் சுவர் முழுக்க டைல்ஸ் போட்டு, நடுவில் இறுதி இராவுணவு படம் அச்சடித்த டைல்ஸ் வைக்கப் போகிறார்கள். பதுளை டவுனில் ஓடர் கொடுத்தாயிற்று. டைல்ஸ் பிடிக்க வேண்டுமென்றால் சுவரைக் கொத்தி விட வேண்டும் என்று மேசன் சொல்கிறார். கொத்தினால் சிலுவை போச்சு. மயிலும் போச்சு.

நாங்கள் இதை எதிர்க்கிறோம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மயிலில் இருந்து தொடங்குவோம், சண்டையும் அங்கேதான் தொடங்கியது. கூட்டத்தில் நாங்கள் சிலுவையை விடுங்கள் என்று கேட்டதும் ஒரு பெரியவர் எழும்பி, "சிலுவை வேற செஞ்சிக்கலாம் தம்பி. முருகன் வாகனம் நம்ம பீடத்துல எதுக்கு? வாற போற ஆளுங்க சிரிக்கிறாங்க" என்றார். பக்கத்தில் ரெண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எங்களோடு வந்திருந்த நண்பன் ஒருத்தன் இந்து. வருசா வருசம் கதிர்காமத்துக்கு நடந்து போகிற குடும்பம். அவன் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "எங்க மயிலுக்கு ஒங்க கோயில்ல விசா இல்லையாடா" என்று கேட்டான். சிரித்தோம். ஆனால் உறைத்தது.

ரெண்டாம் வருசத்தில் கலைவரலாறு என்று ஒரு பாடம் எடுத்தோம். கம்பஸில் எடுத்த பாடங்களில் உருப்படியாக மனசில் நின்றது அது ஒன்றுதான். அதில் மூன்று வாரம் ஆதிக் கிறிஸ்தவர்களின் மொசைக். மொசைக் என்றால் நம்ம ஆட்களுக்குப் புள்ளி புள்ளியான தரை. இது அது இல்லை. கல், கண்ணாடி, ஓடு என்று விரல் நகம் அளவு சில்லுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்துச் செய்கிற ஓவியம். ரோமர்கள் பணக்கார வீட்டுத் தரையில் செய்துகொண்டிருந்ததை, நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் கோயில் சுவருக்கும் கூரைக்கும் ஏற்றினார்கள். இத்தாலியில் ராவென்னா என்று ஒரு ஊர். அதில் இருக்கிற அளவுக்கு வேறெங்கும் மிச்சமில்லை. நாங்கள் பார்த்தது ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில், பாதி நேரம் கரண்ட் போய்.

அங்கே சான் விட்டாலே என்று ஒரு கோயில், 547ல் அபிஷேகம் செய்தது. பீடத்துக்கு மேலே கூரை நடுவில் ஓர் ஆட்டுக்குட்டி, நாலு மூலையிலும் நாலு மயில். பீடத்துக்கு நேர் மேலே, ஒளிவு மறைவே இல்லாமல். அந்த ஊரின் பழைய கல்லறைப் பேழைகளிலும் கிறிஸ்துவின் சின்னத்துக்கு ரெண்டு பக்கமும் மயில்கள் எதிரெதிராக நிற்கின்றன. மயில் இறைச்சி அழுகாது என்று அந்தக் காலத்து ஆட்கள் நம்பினார்கள். அதனால் சாவை வென்ற உடம்புக்கு மயில் அடையாளம். புனித அகுஸ்தீனார் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். கார்த்தேஜில் விருந்துக்கு வந்த மயில் இறைச்சியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொல்லி, முப்பது நாள் கழித்துப் பார்த்தாராம், நாற்றமில்லை. ஒரு வருசம் கழித்துப் பார்த்தாராம், காய்ந்து சுருங்கி இருந்ததாம், அவ்வளவுதான். நம்ம லயத்தில் கருவாடு காயப்போடுகிற எந்தக் கிழவியும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டாள். ஆனால் அவர் இதை 'கடவுளின் நகரம்' நூலில் பெரிய சாட்சியாகவே எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, மயில் பீடத்துக்கு அன்னியம் இல்லை. நம்ம பெரியவர் வெட்கப்படுகிற அந்தப் பறவை, அவர் வைக்கப்போகிற இராவுணவுப் படத்தை விட ஆயிரம் வருசம் மூத்த கிறிஸ்தவ அடையாளம். அந்த அச்சுப் படத்தின் மூலம் லெயொனார்டோ டா வின்சி 1490களில் மிலானில் வரைந்தது.

இதை வைத்து மட்டும் வாதத்தை ஜெயித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். "பாருங்க, ராவென்னாவிலயும் மயில் இருக்கு" என்று போனைக் காட்டிவிட்டால் போதும். பிறகு எங்களுக்கே அது சரியாகப் படவில்லை. இத்தாலியில் இருக்கிறதால்தான் நம்ம மயிலுக்கு உரிமை என்றால், முருகன் மயிலுக்கு என்ன பதில்? அந்த மயிலைச் செய்தவர் ராவென்னாவைக் கேள்விப்பட்டிருக்கப் போவதில்லை. அவர் பார்த்தது கதிர்காமத்து மயிலைத்தான். ஊவா மாகாணத்தில் பிறந்த ஒருத்தர் வேறு எதைப் பார்த்திருப்பார்? நம்ம மாகாணத்தின் மற்ற மாவட்டத்துக்குப் பேரே மொனராகலை, சிங்களத்தில் மயில் பாறை. புத்தலைப் பக்கம் பஸ்ஸில் போனால் வேலிக்கு வேலி மயில்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் செய்ததும் இதே வேலைதான் என்பதுதான் எங்களுக்குப் பிடித்த விசயம். மயிலை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது ரோமர்களுக்கு யூனோ தேவியின் பறவை. திராட்சைக் கொடி மதுத் தெய்வமான பாக்கஸுடையது. ஆட்டைத் தோளில் தூக்கிய இடையன் உருவம் கிரேக்கர் காலத்தில் இருந்தே சுற்றிக்கொண்டிருந்தது. ரோமில் புனித பேதுரு கோயிலுக்கு அடியில் ஒரு கல்லறையில், கிறிஸ்து என்று பெரும்பாலோர் சொல்கிற உருவம் சூரிய தேவனைப் போலத் தேரில் ஏறி, தலையைச் சுற்றிக் கதிர் வீச நிற்கிறது. அந்தச் சனம் பக்கத்து வீட்டுச் சாமியின் சாமான்களைக் கொண்டு தங்கள் சாமியைச் சொன்னார்கள். வேறு சாமான் அவர்களிடம் இல்லை. அதற்காக யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

இலங்கையிலும் அப்படித்தான். 1912ல் அநுராதபுரத்தில் தோண்டியபோது கருங்கல் தூண் ஒன்றில் செதுக்கிய சிலுவை கிடைத்தது. முதலில் போர்த்துக்கீசருடையது என்றார்கள். பிறகு அதைவிட மிகப் பழையது, பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற வணிகர் எழுதிய நூலிலும் இந்தத் தீவில் பாரசீகத்தில் இருந்து வந்த குருவோடு ஒரு திருச்சபை இருந்ததாகக் குறிப்பு உண்டு. அந்தச் சிலுவையிலும் இயேசு இல்லை. படிக்கட்டுப் பீடத்தின் மேல், அடியில் இலை விரிய நிற்கிறது, ஒரு செடி மாதிரி. சென்னைப் பரங்கிமலையில் 1547ல் கிடைத்த சிலுவையும் அதன் உறவுதான், மேலே ஒரு புறா.

"சிலுவையில ஆண்டவர் இல்லியே, அது என்னா சிலுவை" என்பது கமிட்டியின் அடுத்த கேள்வி. முதல் நாலு நூற்றாண்டுகளில் அறைபட்ட உடலை வரைந்த படங்கள் மிக அரிது. பொதுவில் வைத்ததாக நமக்குக் கிடைக்கிற மிகப் பழையவற்றில் ஒன்று ரோமில் சாந்தா சபீனா கோயிலின் மரக் கதவு, சுமார் 430. சிலுவை என்றால் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்கிற சாதனம் என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறைக்கு அதை வரைய மனசு வந்திருக்காது. பிறகு வரைந்தபோதும் வெறும் சிலுவையாக, கல் பதித்து, வானத்தில் மிதக்கிறது போல வரைந்தார்கள். ராவென்னாவுக்குப் பக்கத்தில் கிளாசே என்ற இடத்தில் 549ல் அபிஷேகம் செய்த கோயிலில், நீல வட்டத்தில் 99 நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பெரிய சிலுவை. அதன் மையத்தில், கோடுகள் வெட்டுகிற இடத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள் இயேசுவின் முகம், நாணயம் அளவுதான் தெரியும்.

அந்தப் படம் திரையில் வந்தபோது எங்களில் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தோம். கோப்பையின் அடிப்பாகம்.

நம்ம மேசன் அதை வேண்டுமென்று வைத்தாரா, இடம் நிரப்ப வைத்தாரா, யாருக்கும் தெரியாது. நாங்கள் ஒன்றும் கதை கட்டப்போவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராவென்னாவின் தங்கச் சில்லு என்பது கட்டித் தங்கம் இல்லை. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தங்கத் தகடு வைத்து வார்ப்பார்கள். பதிக்கும்போது மட்டம் பார்த்துப் பதிக்க மாட்டார்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கீழே விளக்கு அசைந்தால் சுவர் முழுக்க வெளிச்சம் நகரும், பார்க்கிறவர் நடந்தாலும் நகரும். இதைப் படித்தபோது எங்களுக்கு நத்தார் ராப் பூசை ஞாபகம் வந்தது. கரண்ட் இல்லாத வருசங்களில் மெழுகுதிரியும் லாம்பும்தான். கோப்பைத் துண்டுக்கு இயற்கையாகவே வளைவு இருக்கிறது, அதனால் எந்தத் துண்டும் மட்டமில்லை. சிலுவை விட்டு விட்டு மின்னும். மயில் வால் அசைகிற மாதிரி இருக்கும். அச்சடித்த டைல்ஸ் ஒரே மட்டமாகப் பளபளக்கும், எந்தப் பக்கம் நின்றாலும் டியூப்லைட் கோடு மட்டும் தெரியும். டைல்ஸ்காரர் கோபிக்க வேண்டாம், பாத்ரூமுக்கு அது நல்ல சாமான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நடந்ததையும் எழுதாவிட்டால் நாங்கள் நேர்மையாக இருக்க முடியாது. எங்களில் ஒருத்தியின் அம்மா, முப்பது வருசம் கொழுந்து எடுத்தவர், கூட்டம் முடிந்து இறங்கும்போது நிறுத்தி வைத்துக் கேட்டார்: "ஏம்மா, கம்பஸ் போய்ட்டு வந்ததும் ஒங்களுக்கு அது கலை. எங்களுக்கு அது ஒடஞ்ச கோப்பை. பங்களாவுல தொரைமாரு ஒடச்சி வீசுனத பொறுக்கிட்டு வந்து சாமிக்கு ஒட்டுனாங்க. ஒடஞ்ச காம்பராவுல பொறந்தோம், ஒடஞ்ச பாதையில ஆஸ்பத்திரி போறோம். சாமிகிட்டயாவது புதுசா ஒண்ணு வைக்கக்கூடாதா?"

பதில் சொல்ல வாயில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை.

ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் சம்பளத்துக்காக இந்தச் சனம் எத்தனை வருசம் ரோட்டில் நின்றது, 2021ல்தான் அது கிடைத்தது என்பதை நினைத்தால், அதில் வெட்டிக்கொடுத்த காசுக்கு அவர்கள் விரும்பியதை வாங்க உரிமை இல்லை என்று நாங்கள் எந்த முகத்தோடு சொல்வது? சான் விட்டாலேயைக் கட்ட 26,000 பொற்காசு செலவாயிற்று. கொடுத்தவர் யூலியானுஸ் அர்ஜென்டாரியுஸ், பேரே காசுக்காரர் என்கிற மாதிரி. மின்னுகிற மயில் பணக்காரர் காசில் வந்தால் அது உலகப் பொக்கிசம், கூலிக்காரர் உடைசலில் வந்தால் வாற போற ஆள் சிரிக்கிறார். அந்த அம்மாவின் கோபம் சிலுவை மேல் இல்லை என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

உழைப்பை அழகாக்கிக் காட்டுகிற படங்கள் மேல் எங்களுக்கும் சந்தேகம் உண்டு. ரோமில் சாந்தா கொஸ்தான்சா என்று ஒரு கட்டடம், நாலாம் நூற்றாண்டு, கொன்ஸ்தந்தீன் மன்னரின் மகளுக்காக. அதன் கூரை மொசைக்கில் திராட்சை அறுவடை. குண்டுக் குண்டுப் பிள்ளைகள் பழம் பறிக்கிறார்கள், மாட்டு வண்டியில் ஏற்றுகிறார்கள், மிதித்துப் பிழிகிறார்கள். யாருக்கும் முதுகு வலிக்கிற மாதிரித் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தேயிலைப் பக்கெட் ஞாபகம் வந்தது. சிவப்புச் சேலை, பொட்டு, சிரிப்பு, கூடையில் பச்சைக் கொழுந்து, பின்னால் மலை. அட்டை இல்லை, மழை இல்லை, நிறுவைக்காரர் இல்லை. சில பேர் எங்களிடம், "கோயிலில் தேயிலைக் கொழுந்து போட்டு ஒரு மலையக மொசைக் செய்யலாமே" என்று ஆலோசனை சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பக்கெட்டுச் சிரிப்பைப் பீடத்துக்கும் கொண்டுபோக எங்களுக்கு விருப்பமில்லை. கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்தில் டேவிட் பெயின்டர் 1930களில் வரைந்த சிலுவைப்பாட்டில் தாடியில்லாத இளைஞராக இயேசு, பின்னால் நம்ம நாட்டுக் கண்டல் காடு. அது வேறு. அங்கே யாரும் யாருக்கும் விளம்பரத்துக்காகச் சிரிக்கவில்லை.

அப்படியென்றால் அந்த உடைசல் சிலுவையில் எங்களுக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது?

அதைச் செய்தவரைப் பற்றித் தோட்டத்தில் தெரிந்தது கொஞ்சம்தான். மேசன் தாத்தா என்பார்கள். ஸ்டோர் வேலை, பங்களா வேலை, லயத்து அடுப்பு எல்லாம் அவர் கைதான். பேர் கேட்டால் ஒரு கிழவர் ஒரு பேர் சொல்கிறார், இன்னொருவர் வேறு பேர். 1970களில் குடும்பத்தோடு இந்தியா போய்விட்டார், ஒப்பாரிக் கோச்சியில். போவதற்கு முந்தின மாதங்களில்தான் சிலுவையைச் செய்தாராம். 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ரெண்டு தலைவர்கள் எண்ணிப் பிரித்தார்கள். அந்த எண்ணிக்கையில் ஒன்று மேசன் தாத்தா.

ராவென்னாவில் சான்ட் அப்பொல்லினாரே நுவோவோ என்று இன்னொரு கோயில். கோத்தியர் அரசர் தியோதெரிக் கட்டியது. அவரும் அவர் ஆட்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் ஆரியுஸ் பிரிவு. சுவர் மொசைக்கில் அவருடைய அரண்மனை, தூண்களுக்கு நடுவே அவரும் அரண்மனை ஆட்களும் நின்றிருக்க வேண்டும். 526ல் அவர் செத்தார். 540ல் பைசாந்தியர் ஊரைப் பிடித்தார்கள். 561 வாக்கில் கோயில் கத்தோலிக்கர் கைக்கு மாறியபோது அந்த மனிதர்களை மட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் திரைச்சீலை பதித்தார்கள். வேலை சுத்தமாகத்தான் நடந்தது. ஆனால் தூண்களின் மேல் நீண்டிருந்த கைகளை எடுக்கவில்லை. எடுத்தால் தூணும் போயிருக்கும். இன்றைக்கும் திரைச்சீலைக்கு வெளியே, யாருடையது என்று தெரியாத கைகள் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

விரிவுரையாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நாங்கள் போகவில்லை.

நம்ம தோட்டங்களில் இப்படி எத்தனை கை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆள் இல்லாத லயத்தில் சுவரில் எழுதிய கணக்கு, வாசலில் நட்ட கொய்யா மரம், பீலிக்கரையில் துணி துவைக்கப் போட்ட கல். ஆள் போயாச்சு. பதுளை டவுனில் புனித மாற்கு ஆலயம் 1857ல் கட்டியது, அப்புத்தளையில் 1845ல் இடி விழுந்து செத்த மேஜர் ரொஜர்ஸ் நினைவுக்காக. யானை வேட்டைக்குப் பேர்போன மனுசர். அவர் பேர் கல்லில் இருக்கிறது, நாம் எல்லாரும் வாசிக்கலாம். நம்ம மேசன் தாத்தாவுக்குச் சிலுவை மட்டும்தான். அதையும் கொத்திவிட்டால் இந்த மலையில் அவர் இருந்ததற்கு அடையாளமாக லயத்து அடுப்புகூட மிஞ்சாது, அதெல்லாம் எப்போதோ இடித்துக் கட்டியாச்சு.

ஜெருசலேமில் 1894ல் ஒரு தரை மொசைக் கிடைத்தது. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு, ஆர்மீனியர்களுடையது. ஒரு சாடியில் இருந்து திராட்சைக் கொடி கிளம்பித் தரை முழுக்கப் படர்கிறது, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு பறவை, ஒன்று கூண்டுக்குள். சாடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மயில். மேலே ஆர்மீனிய மொழியில் ஒரு வரி: தங்கள் இனத்தில் செத்துப்போனவர்களில் யார் பேர் கடவுளுக்குத் தெரியுமோ அவர்கள் எல்லாருடைய நினைவுக்கும் மீட்புக்கும் என்கிற பொருளில். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்கு ஒரு பட்டியல் கிடையாது. 2023ல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பேரில்லாதவர்களைத்தான் நினைத்து நடந்தார்கள். நம்ம மாவட்டத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியதில் மண்ணுக்குள் போன எத்தனையோ பேரின் உடல் இன்றுவரை மேலே வரவில்லை. கல்லறை இல்லாதவர்களுக்கு எங்கே மெழுகுதிரி ஏற்றுவது? எங்கள் தோட்டத்தில், ஆத்துமாக்கள் திருநாளில், இந்தியா போய்ச் செத்தவர்களுக்காக ஏற்றுகிற திரிகளை அந்தச் சிலுவையடியில்தான் வைப்பார்கள், மயில் வாலுக்குப் பக்கத்தில். ஏன் அங்கே என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இதைத்தான் ரெண்டாவது கூட்டத்தில் சொன்னோம். ராவென்னா, ரோம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, திரி எங்கே வைப்பீங்க என்று மட்டும் கேட்டோம். முதலில் பேசிய அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்காவும் அதே கோச்சியில் போனவர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. டைல்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலுவையைச் சுற்றி ஓரம் கட்டி விட்டுவிட்டு மிச்சச் சுவருக்கு டைல்ஸ் போடலாம். மேசனிடம் கேட்டோம், க்ரைண்டரால் வெட்டி ஒட்டினால் முடியும், ரெண்டு நாள் கூலி கூடும் என்றார். அந்த ரெண்டு நாள் கூலியை நாங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இராவுணவுப் படத்தைப் பக்கத்துச் சுவரில் வைக்கலாம், காசும் வீணாகாது. அதுவும் ஒத்துவராது என்றால், கொத்தாமல் முன்னால் பலகைச் சட்டம் அடித்து மூடிவிடுங்கள் என்கிறோம். இத்தாலியில் அக்விலேயா என்ற ஊரில் நாலாம் நூற்றாண்டுத் தரை மொசைக், யோனாவும் திமிங்கிலமுமாக, புதுத் தரைக்கு அடியில் பல நூறு வருசம் மூடிக் கிடந்து, 1909ல் திறந்தபோது அப்படியே இருந்ததாம். மூடினால் யாராவது ஒரு நாள் திறப்பார்கள். கொத்தினால் அவ்வளவுதான்.

தரையைப் பற்றி இடையில் ஒன்று. புதுத் தரையில் சிலுவை டிசைன் போட்ட டைல்ஸ் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 427லேயே தியோதோசியுஸ் மன்னர், கிறிஸ்துவின் அடையாளத்தைத் தரையில் போடக்கூடாது, மிதிபடும் என்று சட்டம் போட்டிருக்கிறார். இதைச் சொன்னதும் கமிட்டி உடனே ஒத்துக்கொண்டது. படிப்பு ஒரு இடத்திலாவது உதவியது.

மாசக் கடைசியில் மூன்றாவது கூட்டம். அந்தப் பெரியவர் இப்போது ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். சிலுவை இருக்கட்டும், மயிலும் இருக்கட்டும், ஆனால் செய்தவர் பேரைக் கண்டுபிடித்து அடியில் எழுத வேண்டும், பேரில்லாமல் வைக்கக்கூடாது என்கிறார். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடினோம், கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் போனவர்கள் நிறையப் பேர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள், திரும்பவும் தேயிலையில். இதை வாசிக்கிறவர்களில் அங்கே சொந்தம் இருக்கிறவர்கள் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பசறைப் பக்கத்தில் இருந்து 1970களில் வந்தவர், மேசன் வேலை, உடைந்த தட்டில் மயில் செய்யத் தெரிந்தவர். யார் வீட்டுச் சுவரிலாவது அப்படி ஒரு மயில் இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள், வாலைப் பார்த்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.